சக்கர நாற்காலிக்காகக் கட்டிய பாத்ரூமில் தவழும் பிள்ளை

நேயர்களுக்கு வணக்கம்.

கேரளத்து நெய்யாற்றின்கரையிலிருந்து சாமான் ஏற்றிய வண்டி எல்லையிலிருக்கிற களியக்காவிளை தாண்டி மார்த்தாண்டம் வந்து சேர்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பாட்டாவின், அதாவது தாத்தாவின், வசதிக்காகவே தேடிப் பிடித்த வீடு. பாத்ரூமுக்கு வாசல்படி கிடையாது, கதவு 90 சென்டிமீட்டர் அகலம், சுவரில் கைப்பிடிக் கம்பி, முழங்கையால் தள்ளினாலே திறக்கிற நீளப்பிடிக் குழாய். சக்கர நாற்காலி தடங்கல் இல்லாமல் உள்ளே போய்த் திரும்புகிறது. அதே வீட்டில் 10 மாதப் பேத்தியோ 2 வயதுப் பேரனோ இருந்தால் அவர்களும் அதே போலத் தடங்கல் இல்லாமல் உள்ளே போய்விடுவார்கள். பெரியவருக்கு எளிதாக்கிய ஒவ்வொன்றும் பிள்ளைக்கும் எளிதாகிவிட்டது.

உடனே பலரும் கடைக்கு ஓடிப் பிள்ளைப் பூட்டு வாங்கி வருவார்கள். க்ளோசெட் மூடிக்கு ஒன்று, அலமாரிக்கு ஒன்று, கதவுக்கு ஒன்று. இரண்டு விரலால் அமுக்கிக்கொண்டே இழுக்க வேண்டிய அந்தப் பூட்டை மூட்டுவாதம் வந்த கையால் திறக்க முடியாது. அவசரத்துக்கு வந்த ஆச்சி வாசலிலேயே நின்று தவிப்பார். பிள்ளையைக் காக்கிறோம் என்று ஆச்சியை அவமானப்படுத்தக் கூடாது. ஆகவே முதலில் இரண்டு பேருக்கும் உதவுகிற மாற்றங்களைச் செய்யுங்கள். அப்படிப்பட்டவை நிறையவே இருக்கின்றன.

முதலில் தண்ணீர். குடிவந்த நாளில் குழாயில் எப்போது தண்ணீர் வரும் என்று தெரியாததால் வீட்டில் இருக்கிற வாளி, அண்டா, பெயிண்ட் டப்பா எல்லாவற்றையும் நிரப்பிப் பாத்ரூமில் வைப்பார்கள். பெரியவர்கள் சாமான் இறக்குவதில் இருப்பார்கள். அதைவிட ஆபத்தான நாள் வேறில்லை. சின்னப் பிள்ளைக்கு உடம்பில் தலைதான் கனம். வாளி விளிம்பைப் பிடித்து எட்டிப் பார்க்கும்போது தலை முன்னால் சாயும், கால் தரையை விட்டுக் கிளம்பும். திரும்ப எழும்புகிற பலம் கைக்கு இருக்காது. 20 லிட்டர் பெயிண்ட் வாளி இன்னும் மோசம்: உயரமாக, நேராக இருக்கும், தண்ணீர் இருந்தால் கவிழவும் செய்யாது. மூக்கும் வாயும் முங்க 2 அங்குலத் தண்ணீர் போதும். அலறல் கேட்காது, தண்ணீர் தெறிக்கிற சத்தமும் பெரிதாக இருக்காது.

வாளியைக் கவிழ்த்து வைத்தால் போதும் என்பார்கள். கவிழ்த்த வாளி பிள்ளைக்கு ஏறி நிற்கிற முக்காலி. சும்மா காலி செய்து குழாயடியிலேயே விட்டாலோ, விநாடிக்கு ஒரு சொட்டு விழுகிற குழாய் ஒரு நாளைக்குள் அதில் 4 லிட்டர் சேர்த்துவிடும், அதுவே 2 அங்குலத்துக்கு மேல். காலி வாளியைக் குழாயிலிருந்து தள்ளிப் பக்கவாட்டில் படுக்க வையுங்கள். சொட்டுகிற குழாய்க்கு அன்றைக்கே வாஷர் மாற்றுங்கள்.

வாளியே இல்லாமல் செய்துவிட்டால் இன்னும் நல்லது. உட்கார்ந்து குளிக்கிற பெரியவருக்குச் செம்பில் கோரி ஊற்றுவதைவிடக் கை ஷவர்தான் சுகம். 1.5 மீட்டர் ஹோஸ், நிறுத்து பித்தான் உள்ள தலை, உட்கார்ந்த கைக்கு எட்டுகிற உயரத்தில் கொக்கி. பாட்டாவுக்குக் குனிய வேண்டாம், பிள்ளைக்கு வாளி இல்லை. தண்ணீர் சேமித்துத்தான் ஆக வேண்டும் என்றால், திருகு மூடியும் அடியில் குழாயும் உள்ள டிரம்மைப் பாத்ரூமுக்கு வெளியே வையுங்கள். பழைய வீட்டுச் சிமெண்ட் தொட்டியை உடைக்க வீட்டுக்காரர் சம்மதிக்காவிட்டால், வடித்துவிட்டு மணலால் நிரப்புங்கள். அடுக்களையை ஒட்டிக் கிணறு உள்ள வீடு என்றால், குடிவருவதற்கு முன்பே கிணற்று வாய்க்கு இரும்பு வலை போட்டு அதற்குப் பூட்டும் போட்டுவிடுங்கள். இந்தப் பூட்டில் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

அடுத்தது சூடு. கீசரில் முந்தைய குடித்தனக்காரர் வைத்த அளவு அப்படியே இருக்கும். குழாயை ஒரு நிமிடம் ஓடவிட்டு, எவர்சில்வர் டம்ளரில் பிடித்து, சமையல் தெர்மாமீட்டரை முக்கிப் பாருங்கள். பெரும்பாலும் 60 டிகிரியை ஒட்டி நிற்கும். 60 டிகிரித் தண்ணீர் பெரியவர் தோலையே 5 விநாடியில் ஆழமாகச் சுட்டுவிடும், மெல்லிய தோலுள்ள பிள்ளைக்கு அவ்வளவு நேரம்கூட வேண்டாம். கீசர் திருகலை 50-க்குக் கீழே இறக்கினால் அந்த நேரம் நிமிடக் கணக்கில் நீளும். சர்க்கரை நோயால் கால் மரத்துப்போன பாட்டாவுக்கும் சூடு உறைக்காது, அவருக்கும் இதே திருகல்தான் பாதுகாப்பு. கொஞ்சம் செலவு செய்ய முடிந்தால், கீசர் தொட்டித் தண்ணீரை 60-லேயே விட்டுக் கிருமி வளராமல் பார்த்துக்கொண்டு, குழாய்க்கு வருகிற வழியில் வெப்பம் கட்டுப்படுத்தும் கலப்பு வால்வு பொருத்தி 41-இல் நிறுத்தலாம். ஒன்றை மறக்கவே கூடாது: சுவிட்சை அணைத்தாலும் கீசர் தண்ணீர் பல மணி நேரம் சூடு ஆறாமல் இருக்கும். ஒற்றைப் பிடிக் குழாயைக் குளித்து முடித்ததும் குளிர்ப் பக்கமே திருப்பி விடுங்கள். பிள்ளைக்கு வெந்நீர் விளாவும்போது பச்சைத் தண்ணீரை முதலில் ஊற்றுங்கள், 37 டிகிரி போதும். வாளியில் போடுகிற ஹீட்டர் ராடு இந்த வீட்டுக்கு வேண்டவே வேண்டாம். கீசர் லைனுக்கு, மின்கசிவு வந்தால் உடனே மின்சாரத்தை நிறுத்துகிற 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனை வைத்து, டெஸ்ட் பித்தானை அமுக்கிப் பார்த்துவிடுங்கள்.

கதவு கொஞ்சம் யோசிக்க வேண்டிய விஷயம். சக்கர நாற்காலியில் இருப்பவர் கை ஏறக்குறைய 120 சென்டிமீட்டர் உயரம் வரை எட்டும். 2 வயதுப் பிள்ளை கையை உயர்த்தினால் ஒரு மீட்டரைக் கொஞ்சம் தாண்டும். இந்த இடைவெளிக்குள்தான் வெளித் தாழ்ப்பாள் வர வேண்டும்: 115 முதல் 120 வரை, உள்ளங்கையால் தள்ளுகிற பெரிய பிடியோடு. பிள்ளைக்கு 3 வயதானதும் திரும்ப அளந்து பாருங்கள். உள்பக்கத் தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டு, வெளியே இருந்து நாணயத்தால் திருகித் திறக்கிற பூட்டு போடுங்கள். பிள்ளை உள்ளே பூட்டிக்கொண்டாலும் சரி, பாட்டா உள்ளே விழுந்து கிடந்தாலும் சரி, கதவை உடைக்க வேண்டாம்.

இவற்றோடு, சந்தையில் ஆட்டுக் கழுத்துக்குக் கட்டுகிற பித்தளை மணி ஒன்றை வாங்கிக் கதவின் மேல் மூலையில் தொங்கவிடுங்கள். கதவு ஒரு சாண் நகர்ந்தாலே அடுக்களை வரை கேட்கும். கீல் பக்க இடுக்கையும் பாருங்கள். கதவு திறந்திருக்கும்போது அங்கே பிள்ளையின் விரல் தாராளமாக நுழையும், மூடும்போது நசுங்கும். மேலிருந்து கீழ் வரை ரப்பர் பட்டை அடித்தால் தீர்ந்தது.

கைப்பிடிக் கம்பியில் பிள்ளைகள் தொங்கத்தான் செய்வார்கள். நன்றாகப் பொருத்திய கம்பி தாங்கும். உள்ளே வெற்றிடமுள்ள ஹாலோ பிளாக் சுவரில் ஸ்க்ரூவுக்கு அடிக்கிற சாதாரணப் பிளக் பிடிக்காது, பாட்டா சாயும்போது கையோடு வந்துவிடும். மடக்கும் கம்பிதான் பிள்ளைக்கு ஆபத்து, தூக்கி நிறுத்தியது தலையில் விழும். தானாக விழாமல் இறுக்கிப் பிடிக்கிற கீல் உள்ளதை வாங்குங்கள், மாதம் ஒருமுறை ஸ்க்ரூவை இறுக்குங்கள். க்ளோசெட் பக்கத்து ஹெல்த் ஃபாசெட் ஹோஸ் வளையமாகத் தொங்கினால் கழுத்தில் மாட்டும். ஹோஸைக் குட்டையாக்கி, அதற்குத் தண்ணீர் விடுகிற ஆங்கிள் வால்வை மூடியே வையுங்கள். உதவிக்கு இழுக்கிற அவசரக் கயிறு தரை வரை தொங்குவது, விழுந்தவருக்கு எட்ட வேண்டும் என்பதற்காக. பிள்ளை இழுக்கிறது என்று சுருட்டி மேலே கட்டினால் அது பயனற்றுப்போகும். கயிற்றுக்குப் பதில், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் வயர்லெஸ் மணிப் பித்தான் ஒட்டலாம். அதன் பேட்டரி மூடி ஸ்க்ரூ போட்டதாக இருக்க வேண்டும். உள்ளே இருக்கிற நாணய பேட்டரியைப் பிள்ளை விழுங்கினால் 2 மணி நேரத்தில் உணவுக்குழாய் அரிக்கத் தொடங்கும். காது கேட்கும் கருவியின் பேட்டரியும் அப்படித்தான் கவனிக்க வேண்டியது.

ஆனி ஆடிச் சாரலிலும் ஐப்பசி அடைமழையிலும் நம் பக்கத்துத் தரை காயாது, பாசி பிடிக்கும். சொரசொர டைல்ஸில், தரையை உறிஞ்சிப் பிடிக்கிற வாக்யூம் மேட் ஒட்டாது, அடியில் காற்று புகுந்துவிடும். ஒட்டாத மேட் பிள்ளையையும் வழுக்கும், வாக்கர் காலையும் தட்டும். மேட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு, பிரஷ் போட்டுத் தேய்த்துத் துடைத்துக் காயவிடுங்கள்.

பழைய குடித்தனக்காரர் விட்டுப்போன பாட்டில்களைத் தேடி எடுங்கள். கழிவறை ஆசிட், பினாயில், ப்ளீச்சிங் பவுடர். ஆசிட்டும் ப்ளீச்சிங் பவுடரும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும், எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டிவிடாதீர்கள். ரப்பர் மரம் உள்ள வீடுகளில் இன்னொன்றும் இருக்கும்: ரப்பர் பாலை உறைய வைக்கிற ஃபார்மிக் ஆசிட். பார்க்கத் தண்ணீர் மாதிரியே இருக்கும், அதைக் கூல்ட்ரிங்க்ஸ் பாட்டிலில் ஊற்றி வைக்கிற பழக்கமும் இருக்கிறது. அந்தப் பழக்கத்தை இன்றே விடுங்கள். பாட்டாவின் மாத்திரைகளையும் பாத்ரூம் அலமாரியிலிருந்து எடுத்துவிடுங்கள். சில வகைச் சர்க்கரை மாத்திரை ஒன்றே ஒன்று போதும், சின்னப் பிள்ளை மயங்கிவிடும்.

எதையாவது குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், உப்புத் தண்ணீர் கொடுக்காதீர்கள், பாட்டிலை எடுத்துக்கொண்டு போங்கள். சுட்டுக்கொண்டால் ஓடுகிற தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். பேஸ்ட், மாவு, ஐஸ் எதுவும் வேண்டாம். தண்ணீரில் முங்கிய பிள்ளையைக் காலைப் பிடித்துத் தலைகீழாகச் சுற்றாதீர்கள். மூச்சு இல்லையென்றால் முதலில் வாயோடு வாய் வைத்து மூச்சுக் கொடுங்கள், பிறகு நெஞ்சை அழுத்துங்கள். 30 அழுத்தலுக்கு 2 மூச்சு, ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தாமல்.

108 எல்லைக்கு இந்தப் பக்கமும் வரும், அந்தப் பக்கமும் வரும். ஆனால் குடிவந்த வாரத்தில் புது முகவரி யாருக்கும் வாயில் வராது. கதவு எண், தெரு, பக்கத்தில் இருக்கிற கோயிலோ பள்ளிவாசலோ குருசடியோ எதுவானாலும், ஒரு தாளில் எழுதிப் பாத்ரூம் கதவுக்கு வெளியே ஒட்டுங்கள். உட்கார்ந்தால் பார்க்கிற உயரத்தில், கண்ணாடி இல்லாமல் பாட்டா படிக்கிற அளவுக்குப் பெரிய எழுத்தில்.

நன்றி, வணக்கம்.