திரும்பி வருவதே கடினம்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, கேட்க வந்திருக்கும் பெரியோர்களே, வணக்கம்.

வெளிநாட்டில் ஒரு குடும்பத்தோடு தங்கிப் படிக்கும் மாணவருக்குப் பெரிய சோதனை எது, போவதா, திரும்பி வருவதா என்பது இன்றைய தலைப்பு. திரும்பி வருவதுதான் என்று பேச வந்திருக்கிறேன். 17 வயதில் போய், பத்து மாதம் ஒரு ஹோஸ்ட் குடும்பத்தோடு இருந்துவிட்டு வந்தவள் நான். கேள்விப்பட்டதை வைத்துப் பேசவில்லை.

எனக்கு முன்னால் எதிரணித் தோழி உருக்கமாகப் பேசினார். மொழி பிடிபடாத வீடு, பழகாத முகங்கள், ஃபிரிட்ஜைத் திறக்கலாமா கூடாதா என்று தெரியாமல் தாகத்தோடு படுத்த முதல் இரவு. அத்தனையும் உண்மை, எனக்கும் நடந்தது. ஆனால் முடிக்கும்போது ஒன்று கேட்டார்: "திரும்பி வருவதில் என்ன கஷ்டம்? பெற்ற தாயின் மடிக்குத்தானே வருகிறோம்? உள்ளங்கை போலத் தெரிந்த வீடுதானே?" அங்கேதான் நான் அவரோடு மாறுபடுகிறேன்.

உள்ளங்கை போலத் தெரிந்த வீடு. சரி. நான் திரும்பி வந்த மூன்றாவது இரவு தண்ணீர் குடிக்க எழுந்தேன். இருட்டில் சுவரைத் தடவுகிறேன், லைட் சுவிட்ச் கைக்குக் கிடைக்கவில்லை. கதவுக்கு இடப்பக்கம் தடவிக்கொண்டே நிற்கிறேன். எங்கள் வீட்டில் சுவிட்ச் வலப்பக்கம். நான் பிறந்ததிலிருந்து அங்கேதான் இருக்கிறது. இடப்பக்கம் இருந்தது அந்த வீட்டில். 17 வருடப் பழக்கத்தைப் பத்தே மாதம் என் கையிலிருந்து துடைத்துப் போட்டிருந்தது. நடுவர் அவர்களே, அந்த இருட்டில் வந்த பயம் போன இடத்தில் முதல் இரவு வந்த பயத்தைவிடப் பெரியது. அங்கே எனக்கு ஒன்றும் தெரியாது என்பது எல்லாருக்கும் தெரியும். ஹோஸ்ட் அம்மா முதல் நாளே கையைப் பிடித்து அழைத்துப் போய் எந்த விளக்குக்கு எந்த சுவிட்ச் என்று காட்டினார். சொந்த வீட்டில் நான் யாரிடம் போய்க் கேட்பேன்?

இதை நான் மட்டும் சொல்லவில்லை. ஆல்ஃபிரட் ஷூட்ஸ் என்று ஒரு சமூகவியல் அறிஞர். வியன்னாக்காரர். நாஜிகளால் ஊரை விட்டுக் கிளம்பி 1939-இல் நியூயார்க்கில் குடியேறியவர். புது இடத்துக்கு வரும் அந்நியனைப் பற்றி 1944-இல் ஒரு கட்டுரை எழுதினார். அடுத்த வருடமே, வீடு திரும்புகிறவனைப் பற்றித் தனியாக இன்னொன்று எழுதினார். இரண்டும் வேறு வேறு துன்பம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அந்நியன், தனக்குப் பழக்கமில்லாத உலகத்துக்குள் போகிறோம் என்று தயாராகவே போகிறான். வீடு திரும்புகிறவனோ எல்லாம் தெரிந்த இடத்துக்குப் போகிறோம் என்று நம்பி வருகிறான். அந்த நம்பிக்கைதான் அவனைக் கீழே தள்ளுகிறது. போருக்குப் போய்த் திரும்பும் வீரர்களை மனதில் வைத்து அவர் எழுதினார், ஆனால் ஒவ்வொரு வரியும் பெட்டியோடு வந்து இறங்கும் மாணவருக்கும் பொருந்துகிறது.

அப்புறம் 1955-இல் லிஸ்கார்ட் என்ற நார்வே ஆய்வாளர், அமெரிக்கா போய் வந்த நார்வே நாட்டவரிடம் பேசி, வெளிநாட்டில் மனம் முதலில் உற்சாகமாகி, பிறகு தாழ்ந்து, மறுபடி எழும் என்றார். ஆங்கில எழுத்து யு மாதிரி ஒரு கோடு. எதிரணி காட்டும் துன்பம் முழுவதும் அந்த ஒரு பள்ளத்துக்குள் அடங்கிவிடும். 1963-இல் கல்லஹார்ன் தம்பதியர் அந்தக் கோட்டை மேலும் நீட்டினார்கள். ஊர் திரும்பிய பிறகு இன்னொரு பள்ளம் வருகிறது, இரண்டையும் சேர்த்தால் டபிள்யூ என்றார்கள். எல்லாருக்கும் அச்சடித்தது போல இப்படியே நடக்கும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இரண்டாவது பள்ளம் ஒன்று உண்டு என்பதை எதிரணி தன் பேச்சில் ஒரு தடவைகூடத் தொடவில்லையே!

முதல் பள்ளத்தில் விழுந்தால் கை கொடுக்க ஆள் இருக்கிறது. போவதற்கு முன் ஓரியண்டேஷன், போன இடத்தில் உள்ளூர் ஒருங்கிணைப்பாளர், பள்ளியில் பார்த்துக்கொள்ள ஓர் ஆசிரியர். 'பாவம், புதுப் பிள்ளை' என்று தெரு முழுக்க இரக்கம். இரண்டாவது பள்ளத்தில் விழுந்தவளுக்குக் கிடைப்பது என்ன? "வெளிநாடு போய்ட்டு வந்ததும் மூஞ்சி மாறிப்போச்சு", "பேச்சுக்குப் பேச்சு அங்க அப்படி, அங்க இப்படின்னு". பல பரிமாற்றத் திட்டங்கள் இன்று திரும்பும் மாணவருக்கென்றே தனியாகக் கூட்டம் வைக்கின்றன. தாய்மடிக்கு வருவது அவ்வளவு சுலபம் என்றால் அது எதற்கு?

இன்னும் ஒன்று இருக்கிறது. என்னைக் கேட்டால் எல்லாவற்றிலும் பெரியது இதுதான். போகும்போது நாம் விட்டுப் போகிற வீடு நமக்காகக் காத்திருக்கும். நம் கட்டில், நம் சண்டை, நம் இடம், எல்லாம் பத்து மாதம் கழித்தும் அங்கேயே இருக்கும் என்ற தைரியத்தில்தான் விமானம் ஏறுகிறோம். திரும்பும்போது விட்டு வருகிற வீடு காத்திருக்காது. அடுத்த ஆண்டு என் அறைக்கு இன்னொரு மாணவி வந்தாள். வரட்டும், நல்ல பிள்ளை. ஆனால் நான் மறுபடி அந்த வீட்டுக்குப் போனால் விருந்தாளியாகத்தான் போவேன். பாத்திரம் கழுவும் முறையில் என் பெயர் இருக்காது. தூங்கி வழிந்தால் திட்டி எழுப்ப மாட்டார்கள். மகளாக இருந்த இடத்தில் இனி விருந்தாளி. இதற்கு இழப்பு என்றுதானே பெயர்? ஆனால் துக்கம் விசாரிக்க ஒருவரும் வருவதில்லை. வெளியில் பார்த்தால் யாரும் சாகவில்லை, எதுவும் போகவில்லை, பெண் பத்திரமாக வந்து சேர்ந்துவிட்டாள்.

வீடியோ கால் இருக்கும் காலத்தில் பிரிவு ஏது என்று எதிரணி அண்ணன் கேட்டார். அண்ணா, அந்த வீட்டில் ஒரு நாய் இருந்தது. தினமும் மாலையில் அதை நடத்திக்கொண்டு போவது என் வேலை. முதல் தடவை வீடியோவில் பேசியபோது என் குரல் கேட்டு ஓடி வந்தது. போனை மோந்து பார்த்தது, அதற்குப் பின்னால் எட்டிப் பார்த்தது, அப்புறம் வாசற்கதவு பக்கம் போய் உட்கார்ந்துகொண்டது. பேசி முடிக்கும் வரை அங்கேயே இருந்தது. வீடியோ கால் எவ்வளவு தூரம் போதும் என்பதை அதற்குப் பிறகு நான் யாரிடமும் கேட்கவில்லை.

சோதனை என்றுதான் சொல்கிறேன், போகாதீர்கள் என்று சொல்லவில்லை. 1951-இல், இரண்டாம் உலகப் போர் முடிந்து ஆறே ஆண்டுகளில், ஜெர்மன் பிள்ளைகளை அமெரிக்காவின் மிச்சிகனில் குடும்பங்கள் தங்கள் வீட்டில் வைத்துக்கொண்டன. நேற்று வரை எதிரி நாடு. அந்தப் பிள்ளைகள் அங்கேயே தங்கிவிட வேண்டும் என்பது திட்டம் இல்லை. ஊருக்குத் திரும்பி, 'அவர்களும் மனிதர்கள்தான்' என்று அழிந்துபோன தெருக்களில் நின்று சொல்ல வேண்டும் என்பதுதான் எதிர்பார்ப்பு. அதைச் சொல்லும் பிள்ளையின் நிலையை யோசித்துப் பாருங்கள். போவது ஒரு பங்கு வேலை என்றால் அது மூன்று பங்கு.

கடைசியாக ஒன்று சொல்லிவிட்டு உட்காருகிறேன். நான் வந்து நான்கு மாதம் கழித்து என் அம்மா, "அந்த அம்மாகிட்ட நான் பேசணும், போட்டுக் குடு" என்றார். இரண்டு பேருக்கும் பொது மொழி கிடையாது. நடுவில் நான் உட்கார்ந்து மொழிபெயர்த்தேன். அம்மா கேட்ட முதல் கேள்வி: "எம் பொண்ணு அங்க அழுதாளா?" ஹோஸ்ட் அம்மா சிரித்துக்கொண்டே, "முதல் வாரம் தினமும். நான் கதவுக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருப்பேன்" என்றார். சொன்னேன். பிறகு அவர் என்னைப் பார்த்து, அம்மாவிடம் கேட்கச் சொல்லி ஒரு கேள்வி கேட்டார்: "இப்போது அங்கே அழுகிறாளா?"

அதை நான் மொழிபெயர்க்கவில்லை. அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "என்ன கேட்டாங்க?" என்றார். நான் வாய் திறக்கவில்லை. அம்மா போனை மெதுவாக மேசை மேல் சாய்த்து வைத்துவிட்டு, என் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

நான்கு மாதத்தில் அந்தக் கேள்வியைக் கேட்ட ஒரே ஆள் அவர்தான், நடுவர் அவர்களே. அதுவும் கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து. வணக்கம்.