கண்டாங்கிக்கு ஆதரவு குடுக்குறீங்களா? முதல்ல சாயத்தைக் கேளுங்க

வணக்கம்ங்க. காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கம் இப்ப நிறையப் பேரு உள்ளூர் துணிக்கு ஆதரவா இறங்கியிருக்கீங்க. சூழலைக் கெடுக்காத உடைன்னு ஒரு பிராண்ட் வந்தா ஸ்டால் போட இடம் பிடிச்சுக் குடுக்குறீங்க, வாட்ஸ்அப் குரூப்ல பரப்புறீங்க. சந்தோஷம். ஆனா அதுக்கு முன்னாடி அந்த பிராண்டுகிட்ட என்னென்ன கேக்கணும்? அதைத்தான் இன்னைக்குப் பாக்கப் போறோம்.

நம்ம காரைக்குடிப் பக்கத்துப் பருத்திச் சேலை கண்டாங்கிக்கு 2019-ல புவிசார் குறியீடு கிடைச்சுச்சு. அதை வச்சு ஊரும் நெசவும் சரியான்னு பாக்கலாம். சாயத் தண்ணி எங்க போச்சுங்கிறதுக்கு அதுல பதில் இருக்காது.

கைத்தறியா விசைத்தறியான்னு பாக்க, கரை ஓரத்துல ஊசித் துளை இருக்கான்னு தேடச் சொல்லுவாங்க. நெய்யும்போது துணி அகலம் சுருங்காம இருக்க ரெண்டு முனையிலயும் ஊசி வச்ச குச்சியைக் குறுக்கே மாட்டுவாங்க, அந்தத் தடம்தான் அது. ஆனா விசைத்தறியிலயும் துணியை இழுத்துப் பிடிக்க முள் வளையம் இருக்கு, அதுவும் துளை போடும். அதனால துளையை மட்டும் நம்பாதீங்க. தறி எங்க ஓடுதுன்னு கேட்டு நேர்ல போயிருங்க. நூல் பருத்தியான்னு பாக்குறது சுலபம். ஊடையில, அதாவது குறுக்கு நூல்ல, ரெண்டு இழை உருவிக் கொளுத்துங்க. பருத்தின்னா காகிதம் எரியுற வாசம், தொட்டா உதிர்ற சாம்பல். பாலியெஸ்டர்னா உருகி, கருப்பா கெட்டியா ஒரு உருண்டை நிக்கும்.

இப்ப சாயத்துக்கு வருவோம். பருத்தி நூலுக்கு ரொம்ப சகஜமா போடுறது ரியாக்டிவ்ங்கிற ரசாயனச் சாயம். அது நூல்ல ஏற உப்பு வேணும். அடர்த்தியான நிறத்துக்கு லிட்டருக்கு 50 கிராம் உப்புங்கிறது சாதாரணம். தொட்டியில ஒரு கிலோ நூலுக்கு 20 லிட்டர் தண்ணின்னு வச்சா, கணக்கு என்ன ஆச்சு? ஒரு கிலோ நூலுக்கு ஒரு கிலோ உப்பு! அந்த உப்பு நூல்ல தங்காது, மொத்தமும் கழிவுத் தண்ணியிலதான் போகும். ஒட்டாத சாயமும் கூடவே போகும். மணல்லயும் கரியிலயும் வடிகட்டினா நிறம் குறையும், உப்பு குறையாது. ஆர்.ஓ., அதான் சவ்வு வச்சு உப்பை வடிக்கிற எந்திரம், அதுல பிரிச்சு, மிச்சத்தைக் காய்ச்சி வத்த வைக்கணும். சின்னப் பட்டறைக்கு அது கட்டுபடியாகாது. நொய்யல் ஆறு இப்படித்தான் கெட்டுச்சு, 2011 ஜனவரியில உயர் நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொல்ற அளவுக்குப் போச்சு. ஊருணியையும் கிணத்தையும் நம்பி இருக்குற நம்ம சீமையில உப்பு மண்ணுக்குள்ள எறங்கினா, அப்புறம் யாரு எடுக்குறது?

அதனால பிராண்டுகிட்ட முதல்ல கேக்க வேண்டியது இதுதான்: நூலுக்குச் சாயம் எந்தப் பட்டறையில போட்டீங்க, அங்க கழிவுத் தண்ணியை என்ன பண்றாங்க? பட்டறைக்குப் போக முடிஞ்சா தண்ணியில கரைஞ்ச உப்பை அளக்குற கையடக்க டி.டி.எஸ். மீட்டர் ஒண்ணு கொண்டு போங்க. வெளிய விடுற தண்ணியில கரைஞ்ச உப்பு லிட்டருக்கு 2,100 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. மீட்டர் அதோட உச்ச அளவு 9,990-லயே முட்டி நின்னுச்சுன்னா பேச்சே வேணாம்.

"நாங்க இயற்கைச் சாயம்தான்"னு சொன்னா அங்கயும் சோதனை இருக்கு. மஞ்சள் நிறத் துணி ஓரத்துல ஒரு சொட்டு சோப்புத் தண்ணி விடுங்க. செவந்துச்சுன்னா அது வெறும் மஞ்சள். குங்குமம் பண்ண மஞ்சள்ல சுண்ணாம்பு சேர்த்தா செவக்குமே, அதே வேலை. வெயில்ல சீக்கிரமே வெளுத்துரும். மாதுளம் ஓடு, சாமந்தி இதுக எல்லாம் பரவாயில்ல. பீட்ரூட், செம்பருத்தின்னு சொன்னா பருத்தியில நிக்கவே நிக்காது, நம்பாதீங்க.

சரியா பண்றவங்க முறை இது: ஒரு கிலோ நூலுக்கு 150-லேருந்து 200 கிராம் கடுக்காய்த் தூள்ல ராத்திரி ஊற வச்சு, அலசாம பிழிஞ்சு காயப் போடுவாங்க. அப்புறம் 150 கிராம் அளவுக்குப் படிகாரம். அதுக்கப்புறம்தான் சாயம். கடுக்காயை விட்டுட்டா படிகாரம் பருத்தியில சரியா பிடிக்காது, நாலு சலவையில நிறம் போயிரும். மஞ்சிட்டி வேர்ல எடுக்குற சிவப்புக்குச் சூடு 70 டிகிரியைத் தாண்டினா பழுப்பு அடிக்கும். போர் தண்ணியில இரும்பு இருந்தா எல்லா நிறமும் மங்கும். கருப்புக்கு இரும்பையும் வெல்லத்தையும் புளிக்க வச்ச தண்ணி போடுவாங்க. அது அதிகமானா நூலே நாளாவட்டத்துல இத்துப் போயிரும். அதனாலதான் சில துணியில கருப்புக் கட்டம் மட்டும் முதல்ல கிழியும்.

ஆர்கானிக்னு சொன்னா ஜி.ஓ.டி.எஸ்., அதாவது ஆர்கானிக் துணிக்கான சர்வதேசத் தரச் சான்று, அந்த லேபிள்ல என்ன எழுதியிருக்குன்னு பாருங்க. வெறுமனே ஆர்கானிக்னு போட 95 சதவீதம் ஆர்கானிக் நூல் வேணும், "ஆர்கானிக் நூல் சேர்த்தது"ங்கிற தரத்துக்கு 70 போதும். மில்லு பேர்ல இருக்குற சான்றிதழை நகலெடுத்து மாட்டியிருப்பாங்க. அது போதாது, இவங்க வாங்கின சரக்குக்குன்னு தனியா பரிவர்த்தனைச் சான்றிதழ் இருக்கணும்.

வாங்கினதும் ஈர வெள்ளைத் துணியால பத்து தடவை தேய்ச்சுப் பாருங்க. லேசா ஒட்டினா முதல் ரெண்டு சலவையில சரியாகும், பட்டையா ஒட்டினா திருப்பிக் குடுங்க. கல்லுப்புல ஊற வச்சா சாயம் நிக்கும்பாங்க, நூல்ல பிடிக்காத சாயத்தை உப்பு பிடிச்சு வைக்காது ஆச்சி. இயற்கைச் சாயத் துணிக்குப் பூந்திக்கொட்டைத் தண்ணி போதும், சோடா சோப்பு வேணாம். உள்பக்கத்தைத் திருப்பி நிழல்லயே காயப் போடுங்க.