கறியை விட்டது சரி, பால்ல என்ன தப்புன்னு கேக்குறவங்களுக்கு

வணக்கம்ங்க, எல்லாரும் எப்படி இருக்கீங்க. போன வீடியோ பாத்துட்டு நிறைய பேரு ஒரே கேள்விதான் கேக்குறீங்க. அக்கா, கறி மீன் விட்டது புரியுது, ஒரு உயிரைக் கொல்றாங்க, சரி, ஆனா பால் குடிச்சா மாடு சாகவா போகுது, கன்னு குடிச்சது போக மிச்சத்தைத்தானே கறக்குறோம், அதுல என்ன இருக்குன்னு. நல்ல கேள்விங்க. நம்ம ஊர்ல வீகனா, அதாவது கறி மட்டும் இல்லாம பால், முட்டை, பட்டுன்னு உயிர்கள்கிட்ட இருந்து வர்ற எதையும் தொடாம இருக்கறதுல கஷ்டமே பால்தான். கறி இல்லாம ஒரு மாசம் கூட இருந்துருவோம், புரட்டாசில இருக்கறோம்ல, ஆனா காலைல எந்திரிச்சதும் அந்த டீ இல்லைன்னா வீடே ஒரு மாதிரி ஆயிரும். அதனால இன்னைக்கு பாலைப் பத்தி மட்டும் பேசுறேன். முட்டை, பட்டு, தேன் எல்லாம் இன்னொரு நாள்.

டவுன்லயே பொறந்து வளர்ந்தவங்க நிறைய பேரு மாடுன்னா எப்பவுமே பால் குடுத்துட்டே இருக்கும்னு நெனைச்சுட்டு இருக்காங்க. அப்படி இல்லைங்க. அதுவும் ஒரு அம்மா. சினை புடிச்சு, ஒம்போது மாசம் சுமந்து, கன்னு போட்டாத்தான் பால். கொஞ்ச மாசம் நல்லா கறக்கும், அப்புறம் கொறையும், அப்புறம் வத்திரும். திரும்ப பால் வேணும்னா திரும்ப ஒரு கன்னு போட்டே ஆகணும், அதனால கன்னு போட்ட ரெண்டு மூணு மாசத்துலயே அடுத்த சினை ஊசி போட்டுருவாங்க, வருசத்துக்கு ஒரு கன்னுங்கறதுதான் அவங்க எதிர்பாக்குற கணக்கு. இப்ப யோசிச்சுப் பாருங்க, பொறக்குற கன்னுல பாதி கிடாரி, பாதி காளை. கிடாரியா இருந்தா நாளைக்கு கறவை ஆகும், அதனால வளப்பாங்க. காளங்கன்னு எங்க போகுது?

எங்க அமுச்சி, அதாவது அம்மாவைப் பெத்த பாட்டி காலத்துல காளங்கன்னு பொறந்தா சந்தோசப்படுவாங்களாம். எங்க பக்கம் எல்லாம் காங்கேயம் மாடு, உழவுக்கு அதுதான், வண்டிக்கு அதுதான், கிணத்துல கவலை ஓட்டி, அதாவது மாட்டைக் கட்டி இழுக்க வெச்சு தண்ணி எறைக்கறதுக்கும் அதுதான். ஒரு ஜோடி நல்ல காளை இருந்தா அந்தக் குடும்பத்துக்கே ஒரு மதிப்பு. அப்புறம் மோட்டார் வந்துச்சு, டிராக்டர் வந்துச்சு, பாலுக்காக ஜெர்சி, ஹெச்எஃப்னு வெளிநாட்டு இனம் கலந்த மாடு வந்துச்சு. அந்தக் கலப்பின காளைக்கு திமில் சரியா இருக்காது, வெயிலும் தாங்காது, உழவுக்குப் பழக்கறதுக்கு யாரும் பெருசா மெனக்கெடறதும் இல்லை. அப்ப அதை எதுக்கு வளக்கணும், அது ஒரு நாளைக்கு குடிக்கிற பாலை சொசைட்டிக்கு ஊத்துனா காசு. அதனால சீம்பால் முடிஞ்ச கையோட வித்துருவாங்க, இல்லைன்னா பேருக்கு ரெண்டு வாய் ஊட்ட விட்டுட்டு ஓரமா கட்டிருவாங்க, அது தானா தேஞ்சு தேஞ்சு போயிரும். கிராமத்துல இருக்கறவங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியது இல்லை இது.

நான் சும்மா மனசு கஷ்டப்படணும்னு சொல்லலைங்க, அரசாங்கத்தோட கணக்கையே பாருங்க. 2019ல எடுத்த 20வது கால்நடை கணக்கெடுப்பு, அதுல எருமையை விட்டுட்டு மாடு மட்டும் இந்தியா முழுக்க 19 கோடிக்கு மேல. அதுல பெண் மாடு 14 கோடியே 51 லட்சம். ஆண், 5 கோடி கூட இல்லை. பொறக்கும்போது பாதிக்குப் பாதி பொறந்ததுங்க இது. 2012ல இருந்து 2019க்குள்ள பெண் மாடு 18 சதவீதம் கூடியிருக்கு, ஆண் மாடு 30 சதவீதம் கொறைஞ்சிருக்கு. அந்த வித்தியாசம் இருக்குல்ல, அதுல நிறைய காளங்கன்னுங்க. நம்ம டம்ளர்ல இருக்கற பாலுக்காகப் பொறந்து, பால் இல்லாம போனதுங்க.

இப்ப புதுசா ஒரு ஊசியும் வந்திருக்கு, கிடாரியாவே பொறக்கற மாதிரி விந்தைப் பிரிச்சுப் போடுறது, 90 சதவீதம் கிடாரிதான்னு சொல்றாங்க, கவர்மெண்டே மானியம் குடுத்து ஊக்குவிக்குது. அதைப் பத்தி படிச்சப்போ எனக்கு ஒண்ணுதான் தோணுச்சு, காளங்கன்னு வேண்டாத பொருளாயிருச்சுன்னு எல்லாருக்குமே தெரிஞ்சிருக்கு, பேசறதுதான் இல்லை.

அப்புறம் வைக்கோல் கன்னு. பாத்திருக்கீங்களா? கன்னு செத்துருச்சுன்னா மாடு மடி எறக்காது, பாலைச் சொரக்க விடாது. அதனால செத்த கன்னோட தோலை உரிச்சு, உள்ள வைக்கோலை அடைச்சு, கால் மாதிரி குச்சி கட்டி கொண்டு வந்து முன்னாடி வெப்பாங்க. அது உப்பு வாசம் பாத்து நக்கும், நக்க நக்க மடி எறங்கும், கறப்பாங்க. சின்ன வயசுல இதை நான் வேடிக்கையாத்தான் பாத்தேன், சுத்தி நின்ன பெரியவங்க யாருக்கும் அது பெருசாத் தெரியல, எனக்கும் தெரியல. இப்ப நெனைச்சா தாங்க முடியலைங்க. தன் கன்னுன்னு நம்பித்தானே அந்த மாடு நக்குது.

சரி, கறவை மாடு மட்டும் நல்லா இருக்கான்னு கேட்டா, ஒரு மாடு நல்லபடியா வெச்சுப் பாத்தா இருவது வருசம் வரைக்கும் வாழும். ஆனா அஞ்சாறு ஈத்துக்கு மேல, அதாவது அஞ்சாறு கன்னு போட்டதுக்கப்புறம் கறவை கொறைஞ்சிரும், தீவனச் செலவு கட்டுப்படி ஆகாது. அப்புறம் சந்தைதான். எங்களுக்குப் பக்கத்துல பொள்ளாச்சி சந்தை, செவ்வாயும் வியாழனும் கூடும், தென்னிந்தியாவுலயே பெரிய மாட்டுச் சந்தைகள்ல ஒண்ணு, அங்கிருந்து வண்டி வண்டியா கேரளாவுக்குப் போகும். அதுல பெரும்பாலும் அடிமாடு. சட்டம் என்ன சொல்லுதுன்னா, 1978ல போட்ட விதிமுறைப்படி ஒரு சாதாரண லாரில 6 மாட்டுக்கு மேல ஏத்தக் கூடாது. அடுத்த தடவ நீங்க பாலக்காடு ரோட்டுல போகும்போது ஒரு மாட்டு லாரியைப் பாத்தா எண்ணிப் பாருங்க, அது போதும்.

சட்டம்னதும் சொல்றேன், மிருகவதை தடுப்புச் சட்டம் இருக்குல்ல, 1960ல வந்தது, அது வர்றதுக்கு முக்கியமான காரணம் நம்ம மதுரைல பொறந்த ருக்மிணி தேவி அருண்டேல். கலாஷேத்ரா, பரதநாட்டியம்னுதான் அவங்களை எல்லாருக்கும் தெரியும். 1952ல ராஜ்யசபாவுக்கு நியமன உறுப்பினரா போனாங்க, போனவங்க தனிநபர் மசோதாவா இதைக் கொண்டு வந்தாங்க, அதுக்கப்புறம்தான் அரசாங்கமே சட்டம் போட்டுச்சு, 1962ல விலங்குகள் நல வாரியம் அமைச்சப்போ முதல் தலைவரும் அவங்கதான். எவ்ளோ பெரிய வேலை அது. ஆனா வருத்தம் என்னன்னா, ஒரு மாட்டை அடிச்சுக் கொடுமைப்படுத்துனா அந்தச் சட்டத்துல முதல் தடவைக்கு அபராதம் 10 ரூபால இருந்து 50 ரூபா வரைக்கும்தான். இத்தனை வருசம் கழிச்சும் அதே 50 ரூபா. ஒரு நல்ல ஹோட்டல்ல ஒரு காபிக்கு அது பத்தாது.

இங்க ஒண்ணு ரொம்ப தெளிவா சொல்லணும். ரெண்டு மாடு வெச்சு, காலைல நாலு மணிக்கு எந்திரிச்சு சாணி அள்ளி, பால் ஊத்தி, அந்தக் காசுல புள்ளைங்களைப் படிக்க வெக்கிற அக்காங்களை நான் திட்ட வரலைங்க. எங்க சொந்தத்துலயே அப்படித்தான் பாதிப் பேரு பொழைக்கறாங்க. மாட்டுக்கு ஒடம்பு சரியில்லைன்னா ராத்திரி பூரா முழிச்சு உக்காந்திருக்கறவங்களும் அவங்கதான். வாங்கறதுக்கு நாம இருக்கறதாலதான் அது ஓடுது, அதனால நான் பேசறது வாங்குற நம்மகிட்ட.

இன்னொண்ணு, சில பேரு வீகன்னா ஏதோ சுத்த சைவம், ஆச்சாரம்னு எடுத்துக்கறாங்க, சில பேரு அதைச் சொல்லியே மத்தவங்களைக் கீழ வெச்சுப் பாக்கறாங்க. வாடகை வீட்டு வாசல்ல வெஜிடேரியன் ஒன்லின்னு போர்டு மாட்டுறது கருணை இல்லைங்க, அது வேற. அவங்க வீட்லயும் நெய்யும் தயிரும் இருக்கு, பட்டுப்பொடவை இருக்கு. மாட்டுக்கறி சாப்பிடறவங்களைக் கேவலமா பேசிட்டு பால்கோவா சாப்பிடறதுல எந்த நியாயமும் இல்லை, ரெண்டும் ஒரே மாடுதான். அதே மாதிரி சத்துணவுல முட்டை போடக் கூடாதுன்னு பேசச் சொல்லி என்னைக் கூப்பிட்டாங்க, நான் போகல. வேற சாப்பாடு கையில இருக்கற நாம மொதல்ல மாறுவோம், ஒரு ஏழைக் கொழந்தை தட்டுல இருந்து ஆரம்பிக்க வேண்டாம்.

சரி, இப்ப எப்படி மாறுறதுன்னு பாப்போம். டீக்கு எங்க வீட்ல நெலக்கடலைப் பால்தான். ராத்திரி ஊற வெச்சு, காலைல தோலைத் தேச்சு எடுத்துட்டு, அரைச்சு வடிகட்டி, நல்லா கொதிக்க விடணும், பச்சை வாசம் போற வரைக்கும் அவசரப்படக் கூடாது. இஞ்சி, ஏலக்கா தட்டிப் போட்டா டீ அருமையா இருக்கும். தேங்காப்பால் ஊத்துனா மட்டும் அடுப்பை அணைச்சுட்டு ஊத்துங்க, கொதிச்சா திரிஞ்சிரும். தயிருக்கும் அதே கடலைப் பால்தான், வெதுவெதுன்னு இருக்கும்போது பச்ச மிளகா காம்பை ஏழெட்டு கிள்ளிப் போட்டு மூடி வெச்சா மறுநாள் ஒறைஞ்சிருக்கும், அதுல இருந்து எடுத்து அடுத்த தடவ ஒறை ஊத்திக்கலாம். மோர் கொழம்பு வரைக்கும் இதுல வெக்கலாம்.

சொந்தக்காரங்க வீட்டுக்குப் போனா காபி வேண்டாம்னு சொன்னா மூஞ்சி சுண்டிரும். வரக்காப்பி குடுங்கன்னு கேளுங்க, கருப்பட்டி போட்டுக் குடுப்பாங்க, அவங்களுக்கும் சந்தோசம். மத்தபடி நம்ம சாப்பாட்டுல புதுசா எதுவும் தேட வேண்டாம்ங்க, இட்லி, சந்தகை தேங்காப்பால், கொள்ளுப் பருப்பு, ராகிக் களி கீரை, அரிசிம்பருப்பு சாதத்துக்கு நெய்க்குப் பதிலா நல்லெண்ணெய், கோவில்பட்டி கடலை மிட்டாய், எள்ளுருண்டை. கால்சியம் எங்க கெடைக்கும்னு கேப்பீங்க, நூறு கிராம் ராகில 350 மில்லிகிராம் பக்கம் இருக்கு, பால்ல அதே நூறு கிராமுக்கு 120தான். கடைல பாக்கெட் வாங்கும்போது பச்சைப் புள்ளியை மட்டும் நம்பாதீங்க, அது பாலுக்கும் உண்டு, பின்னாடி திருப்பி மில்க் சாலிட்ஸ், வே (whey), கேசின் (casein) அப்படின்னு பால்ல இருந்து எடுத்தது ஏதாவது போட்டிருக்கான்னு படிங்க. வீகனுக்குன்னு தனியா பச்சைல வி எழுத்து போட்ட முத்திரை வந்திருச்சு, அதைப் பாருங்க.

பி12 மட்டும் வெளையாட்டா எடுத்துக்காதீங்க. அது செடிகொடில கெடைக்காது, கீரை எவ்ளோ சாப்பிட்டாலும் வராது. ரத்தப் பரிசோதனை பண்ணி, டாக்டர்கிட்ட கேட்டு மாத்திரை எடுத்தே ஆகணும். கர்ப்பமா இருக்கறவங்க, சின்னக் கொழந்தை வெச்சிருக்கறவங்க என் வீடியோவை மட்டும் பாத்துட்டு மாறாதீங்க, கூட ஒரு டாக்டர் இருக்கணும்.

எனக்கு கொங்குப் பக்கம்தான் நேர்ல தெரியும். தஞ்சாவூர்ப் பக்கம், ராமநாதபுரம், திருவண்ணாமலை, உங்க ஊர்ல காளங்கன்னு பொறந்தா இப்ப என்ன பண்றாங்க? வயசான மாட்டை விக்காம கடைசி வரைக்கும் வெச்சுக் காப்பாத்துறவங்க யாராவது உங்களுக்குத் தெரிஞ்சா எனக்கு எழுதுங்க, அவங்க சம்மதிச்சா நேர்ல வந்து பேசி ஒரு வீடியோ போடலாம், செலவுக்கு எப்படிச் சமாளிக்கறாங்கன்னு கேக்கணும்.