மூணு நாளா அசையாத காட்டர் பின் வந்துருச்சு மக்களே!

வணக்கம் மக்களே, இங்க பாருங்க, கிட்ட காட்டுறேன், தெரியுதா? இதான் அந்த காட்டர் பின், சைக்கிள்ல பெடல் மாட்டுற கிராங்க நடு அச்சோட பூட்டுற சின்ன ஆணி! போன வீடியோவுல எடது கிராங்குல மண்ணெண்ணெய் ஊத்தி ஊறப்போட்டேன்ல, மூணு நாள் கழிச்சு இன்னைக்கு காலைலதான் எறங்குச்சு. அம்புட்டு சந்தோஷம் எனக்கு.

புதுசா பாக்குறவங்களுக்கு, இது அய்யம்பேட்டை பக்கம் ஒரு வீட்டு மாட்டுக்கொட்டாய்ல கெடந்த ஹெர்குலிஸ் சைக்கிள், 28 இன்ச், பார் வச்சது. அந்த வீட்டு அக்கா "எடுத்துட்டுப் போப்பா, யாராவது ஓட்டட்டும்"னு குடுத்தாங்க.

நிறைய பேரு "சுத்தியால நாலு போடு போடுங்க ப்ரோ"ன்னீங்க. அப்படி அடிக்கிறத பாத்தாலே எனக்கு பத்திக்கிட்டு வரும். கீழ முட்டு இல்லாம அடிச்சா அடி பூரா உள்ள இருக்குற பேரிங் பால்ஸுக்குத்தான் போகும், அது உக்கார்ற கப்புல பள்ளம் விழுந்துரும், அப்புறம் எவ்ளோ கிரீஸ் வச்சாலும் கரகரன்னுதான் சுத்தும். நான் தரைலேர்ந்து கிராங்கு உசரத்துக்கு ஒரு ஜிஐ பைப்ப அறுத்து முட்டு குடுத்தேன், பின் தலை பைப்புக்குள்ள எறங்குற மாதிரி. ஒரே அடி. டொக்குனு வந்துருச்சு! ஆங், சொல்ல மறந்துட்டேன், அடிக்கிறதுக்கு முன்னாடி நட்ட முழுசா கழட்டாதீங்க, மரை முனைக்கு சமமா விட்டுருங்க, இல்லன்னா மரை நசுங்கிரும்.

புது பின்னுக்கு கும்பகோணத்துல மூணு கடை ஏறி எறங்குனேன். ரெண்டு கடைல 9 எம்எம் பின்ன நீட்டி "தகரம் மடிச்சு வச்சு அடிங்க தம்பி, நிக்கும்"ங்கிறாங்க. நிக்காதுங்க! இந்த வண்டிக்கு 9.5 தான், லூஸா போட்டா கொஞ்ச நாள்ல கிராங்கு ஆட ஆரம்பிச்சுரும். மூணாவது கடைல ஒரு பெரியவர் பழைய டப்பாவ கவுத்து தேடி எடுத்துக் குடுத்தாரு, ஜோடி முப்பது ரூவா. வெறும் முப்பது! மாட்டும்போது ரெண்டு பின்னும் எதிரெதிரா இருக்கணும், ஒரே பக்கமா போட்டா பெடல் ரெண்டும் நேர்ல நிக்காது.

வண்டி யாருக்குன்னா, ஒம்போதாவது படிக்கிற ஒரு பையனுக்கு. ப்ளஸ் ஒன் வந்தா கவர்மெண்ட் சைக்கிள் குடுக்கும், அதுவரைக்கும் என்ன பண்ணுவான்? வாய்க்கால் கரையோரமா நாலு கிலோமீட்டர் நடந்து வர்றான், மழைக்காலத்துல அந்த சேறு எப்படி இருக்கும்னு நம்ம ஊர்க்காரங்களுக்குத் தெரியும்.

பின்னாடி வீல் கோட்டம் இன்னும் எடுக்கல, 40 ஸ்போக்ஸும் டைட் பாக்கணும். திங்கக்கெழமை ஸ்கூல் போறதுக்குள்ள சீட்ட எறக்கி அவன் கைல குடுத்துரணும்.