பிரன்ஸ்விக் தெரு மைதானம்

நேயர்களுக்கு வணக்கம்.

மெல்பர்னில் இருக்கிற நம்மில் பலர் எடின்பரோ கார்டன்ஸுக்குப் போயிருப்போம். வடக்கு ஃபிட்ஸ்ராயில் 11ஆம் எண் டிராமை விட்டு இறங்கினால் பக்கத்திலேயே பூங்கா. பிள்ளைகளை ஊஞ்சலில் விட்டுவிட்டு எல்ம் மர நிழலில் பாய் விரித்து உட்கார்ந்திருப்போம். அந்த மரங்களே ஒரு சொத்துதான். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் எல்ம் மரங்கள் நோயில் கோடிக்கணக்கில் பட்டுப்போயின. அந்த நோய் ஆஸ்திரேலியாவுக்குள் கால் வைக்காததால் இங்கே இன்னும் சாலை சாலையாக நிற்கின்றன.

இன்று நான் பேச வந்தது அந்தப் பூங்காவின் ஓரத்தில் இருக்கும் பிரன்ஸ்விக் தெரு நீள்வட்ட மைதானத்தைப் பற்றி. கோயில், கோட்டை என்றால் மரபுரிமை என்று ஒத்துக்கொள்கிறோம். நாலு பேர் பந்து உதைக்கிற புல்தரைக்கு என்ன மரபுரிமை என்று என்னிடமே கேட்டவர்கள் உண்டு. மரபுரிமைப் பட்டியலில் இருப்பது அங்குள்ள பழைய பார்வையாளர் மேடை. 1888இல் கட்டியது. மரப் பலகை, வார்ப்பிரும்புத் தூண்கள், தூண்களின் தலைப்பில் ஜரிகை போல இரும்பு வேலைப்பாடு. அனுமதி இல்லாமல் அதை இடிக்கவோ உருமாற்றவோ முடியாது. நல்லது. ஆனால் மேடை இருப்பது மைதானத்தைப் பார்ப்பதற்கு. பார்க்க ஒன்றும் இல்லாவிட்டால் அது வெறும் படிக்கட்டு.

ஃபிட்ஸ்ராய் கால்பந்து அணி 1884 முதல் 1966 வரை இங்கேதான் ஆடியது. ஆஸ்திரேலிய விதிக் கால்பந்து, நம் பிள்ளைகள் ஃபுட்டி என்கிறார்களே, அதுதான். சுற்றிலும் தொழிற்சாலைக் கூலியாட்கள் வாழ்ந்த நெருக்கமான தெருக்கள். சனிக்கிழமை பகல் ஆட்டம் அந்தத் தெருக்களின் திருவிழா.

1932இல் இந்த அணிக்கு டக் நிக்கல்ஸ் வந்தார். யோர்ட்டா யோர்ட்டா என்ற பழங்குடி இனத்தவர், கம்மராகஞ்சா குடியிருப்பில் பிறந்தவர். ஐந்தடி இரண்டங்குல உயரம்தான், ஆனால் மின்னல் ஓட்டம். அதற்கு முன்பு கார்ல்டன் அணியில் சேரப் போனபோது, கறுப்பர் என்பதற்காக அவர் உடம்பைத் தொட்டுப் பிடித்துவிட மறுத்தார்கள். அந்த வலியோடு ஃபிட்ஸ்ராய்க்கு வந்தவர் உடைமாற்றும் அறையில் ஒரு மூலையில் தனியாக உட்கார்ந்திருந்தாராம். அணியின் பெரிய நட்சத்திரம் ஹேடன் பன்டன் எழுந்துபோய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார் என்று சொல்வார்கள். பன்டன், ஆண்டின் சிறந்த வீரருக்குத் தரும் பிரவுன்லோ பதக்கத்தை மூன்று முறை வென்றவர். தொடக்கூடாது என்று ஒதுக்கப்படுவது என்னவென்று நம் சமூகத்துக்குத் தெரியும்; அதனால்தான் அந்தப் பெஞ்சு எனக்கு அவ்வளவு பெரிதாகத் தெரிகிறது.

நிக்கல்ஸ் பிறகு ஃபிட்ஸ்ராயிலேயே கோர் தெருவில் போதகராக இருந்து, தம் மக்களின் உரிமைக்காகக் கடைசிவரை உழைத்தார். 1976இல் தெற்கு ஆஸ்திரேலியாவின் ஆளுநரானார். ஒரு மாநில ஆளுநரான முதல் பழங்குடியினர் அவர். இன்று ஃபுட்டியின் தேசிய லீக்கான ஏஎஃப்எல் ஆண்டுதோறும் ஒரு சுற்றுக்கு அவர் பெயரை வைத்திருக்கிறது.

ஃபிட்ஸ்ராய் அணி இந்த மைதானத்தை விட்டுப் போய், இடம் இடமாக அலைந்து, 1996இல் பிரிஸ்பேன் அணியோடு இணைக்கப்பட்டது. கதை முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். 2009இல் அதே பெயரோடு அமெச்சூர் அணியாக இதே புல்தரைக்குத் திரும்பினார்கள். இப்போது பெண்கள் அணியும் ஆடுகிறது.

இங்கேதான் என் கருத்தை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அந்தக் காலத்து ஆடுகளங்களை ஆண்கள் மட்டும் ஆடுவார்கள் என்று நினைத்தே கட்டினார்கள். பெண்களுக்கு உடைமாற்ற நல்ல அறை கேட்டால், பழமை கெட்டுவிடும் என்று தடுக்கிறவர்கள் எந்த ஊரிலும் இருக்கிறார்கள். மேடையைத் தொடாமல் பக்கத்தில் கட்டலாம். அங்கே ஆடுகிறவர்களுக்கு இடமில்லை என்று சொல்லிவிட்டு இரும்புத் தூணுக்கு வர்ணம் அடித்துக்கொண்டிருப்பது எந்த மரபைக் காப்பாற்றும்?

குளிர்காலச் சனிக்கிழமை ஒன்றில் போய்ப் பாருங்கள். டிக்கெட் வாங்கிப் பார்க்கும், டிவியில் காட்டும் பெரிய ஆட்டங்களில் கிடைக்காத ஒன்று இங்கே கிடைக்கும். கால்பகுதி ஆட்டம் முடிந்து சைரன் ஒலித்ததும் வேலியைத் தாண்டி எல்லோரும் புல்லுக்குள் இறங்குவார்கள். பயிற்சியாளர் வீரர்களிடம் பேசுவதைப் பெரியவர்கள் தோளோடு தோள் நின்று கேட்பார்கள். சேறு படிந்த சட்டையிலிருந்து ஆவி பறக்கும். சின்னப் பிள்ளைகள் தங்கள் பந்தைக் கோல் கம்பங்களுக்கு நடுவே உதைப்பார்கள். போன மாதம் என் பேத்தியும் உதைத்தாள். பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. இன்னொரு தடவை என்று ஓடினாள். அதற்குள் சைரன் ஒலித்துவிட்டது.

நன்றி, வணக்கம்.