ஆறு பேரும் ஒரு காலி இடமும்

(மும்பை தாராவியில் தமிழ்ப் பெற்றோரும் ஆசிரியர்களும் கூடியிருந்த ஒரு ஞாயிறு மாலையில் பேசியது)

எல்லோருக்கும் வணக்கம்.

பிள்ளைகளை வரையச் சொல்லி, அதன் வழியாக அவர்கள் வாழ்க்கையைத் தெரிந்துகொள்கிற ஓர் ஆய்வில் நாங்கள் இருக்கிறோம். அதில் கிடைத்த ஒரு படத்தைப் பற்றிச் சொல்லி ஆரம்பிக்கிறேன். மூன்றாம் வகுப்புப் பையன் வரைந்தது. "ராத்திரி உங்க வீடு எப்படி இருக்கும், வரைஞ்சு காட்டுறியா?" என்று கேட்டிருந்தேன். பெரிய கட்டம் ஒன்று போட்டான். அதற்குள் ஆறு பேரை வரிசையாகப் படுக்க வைத்தான். ஏழாவதாக ஒரு தலையணை மட்டும், ஆள் இல்லை. கூட வந்திருந்த ஆய்வாளர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். அந்த வீட்டில் யாரோ தவறிப்போயிருக்கிறார்கள் என்றே இருவரும் நினைத்தோம். நல்லவேளை, வாயைத் திறக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவனே சொன்னான்: "அது எங்கப்பா இடம் டீச்சர். நைட் டூட்டி. காலைல நாங்க எந்திரிச்ச பொறவுதான் வந்து படுப்பாங்க."

இதையே கேள்வித்தாளை வைத்துக்கொண்டு அவன் அம்மாவிடம் கேட்டிருந்தால் எத்தனை பேர், எத்தனை அறை என்று இரண்டு எண்கள் கிடைத்திருக்கும். பத்துக்குப் பத்து ரூமில், கால் நீட்ட இடமில்லாதபோதும், அப்பா வராத ராத்திரியில் அவர் இடத்தில் யாரும் உருண்டு படுப்பதில்லை என்பது கிடைத்திருக்காது.

பிள்ளைகளிடம் பெரியவர்கள் கேட்கிற கேள்வி எதுவாக இருந்தாலும், அது பரீட்சைக் கேள்வி மாதிரிதான் அவர்கள் காதில் விழுகிறது. சரியான பதில் ஒன்று இருக்கிறது, அதைத்தான் டீச்சர் எதிர்பார்க்கிறார் என்று தேட ஆரம்பித்துவிடுகிறார்கள். வரையும்போது அப்படி இல்லை. கண் தாளில் இருக்கிறது, நம் முகத்தில் இல்லை. பேசாமல் இருந்தாலும் யாரும் குறை சொல்வதில்லை. பேச்சு தானாக வரும்; வரைந்து முடிக்கும்போது வருவதைவிட, நடுவில் கிரேயானைத் தேடும்போது அதிகம் வரும். அதனால்தான் நாங்கள் படத்தை மட்டும் சேகரித்துக்கொண்டு போவதில்லை. எதை முதலில் வரைந்தான், எதை அழித்தான், அப்போது என்ன சொன்னான் என்று கூடவே உட்கார்ந்து எழுதிக்கொள்கிறோம்.

இதற்கு நீண்ட வரலாறு இருக்கிறது. அதில் எனக்கு உடன்பாடில்லாத பகுதியும் உண்டு. 1926-இல் அமெரிக்க உளவியலாளர் ஃபுளோரன்ஸ் கூடினஃப், ஒரு மனிதனை வரையச் சொல்லி, அதில் என்னென்ன உறுப்புகள் இருக்கின்றன என்று புள்ளி போட்டுக் குழந்தையின் அறிவை அளந்தார். எனக்கு உடன்பாடில்லாதது இதுதான். அடுத்த ஆண்டே பிரான்சில் லூக்கே என்ற அறிஞர், குழந்தை தன் கண்ணுக்குத் தெரிவதை வரைவதில்லை, தனக்குத் தெரிந்ததை வரைகிறது என்று எழுதினார். சுவருக்கு உள்ளே இருப்பவர்களும் தெரிகிற மாதிரி நம் பையன் வீட்டை வரைந்தானே, அது பிழை இல்லை. உள்ளே யார் இருக்கிறார்கள் என்பது அவனுக்குத் தெரியும், அவ்வளவுதான்.

1983-இல் வெளியான ஓர் ஆய்வை ஆசிரியர்கள் கவனிக்க வேண்டும். டேவிட் சேம்பர்ஸ் என்பவர் 4,807 தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளிடம் ஒரு விஞ்ஞானியை வரையச் சொன்னார். பெண் விஞ்ஞானியை வரைந்தவர்கள் 28 பேர். 28 பேரும் சிறுமிகள். ஒரு பையன்கூட இல்லை. இங்கிருந்து அதிக தூரமில்லாத மான்குர்தில் இருக்கும் ஹோமி பாபா அறிவியல் கல்வி மையத்திலும், விஞ்ஞானி என்றால் மாணவர்களுக்கு யார் நினைவுக்கு வருகிறார் என்பதைப் படங்கள் வழியாக ஆராய்ந்திருக்கிறார்கள்.

ஆனால் நம் பிள்ளைகளிடம் "எதையாவது வரை" என்று சொல்லிப் பாருங்கள். இரண்டு மலை, நடுவில் சூரியன், கீழே ஆறு, ஓரத்தில் குடிசை, ஒரு தென்னை மரம்! இங்கே சாக்கடையாய் ஓடுகிற மித்தி ஆற்றங்கரையில் வளர்கிற பிள்ளை, கிராமத்து ஆற்றை நீல நிறத்தில் வரைகிறது. திருநெல்வேலிப் பக்கம் லீவுக்குப் போனபோது பார்த்ததா என்று கேட்டால் இல்லை என்கிறது. படம் என்றால் இதுதான் என்று யாரோ பழக்கியிருக்கிறார்கள். இந்த மாநிலத்தில் எலிமெண்டரி, இன்டர்மீடியட் என்று ஓவியத்துக்கே அரசுத் தேர்வும் கிரேடும் உண்டு. அதைக் குறை சொல்லவில்லை, நன்றாக வரைகிற பிள்ளைக்கு அது வாசல். ஆனால் ஆய்வுக்கு உட்காரும்போது முதல் பத்து நிமிடம், இதற்கு மார்க் கிடையாது என்று புரியவைப்பதிலேயே போய்விடுகிறது. அப்புறம் "உன் வீட்டிலிருந்து தண்ணிக் குழாய்க்கு எப்படிப் போவே?" என்று நெருக்கமாகக் கேட்டால் மலை மறைந்துவிடும். இரும்பு ஏணி வரும், சந்து வரும், குடங்களின் வரிசை வரும்.

பெற்றோர்களிடம் ஒரு வேண்டுகோள். கறுப்பு நிறம் அடித்தால் சோகம், சிவப்பு அடித்தால் கோபம் என்று படத்துக்கு ஜோசியம் பார்க்காதீர்கள். பெட்டியில் அந்த ஒரு கிரேயான் மட்டும் உடையாமல் இருந்திருக்கலாம். "இது என்ன?" என்று கேட்டால் நமக்குப் புரியவில்லை என்று பிள்ளை சுருங்கிவிடும். "இதைப் பத்திச் சொல்லேன்" என்று கேளுங்கள். வரையப் பிடிக்காத பிள்ளையும் இருக்கும், அதுவும் ஆறாம் வகுப்பைத் தாண்டினால் கூச்சம் வந்துவிடும். விட்டுவிடுங்கள். நடந்துகொண்டே பேசட்டும்.

இன்னொன்று என் மனதில் கிடந்து உறுத்துகிறது. 1989-இல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட குழந்தை உரிமை உடன்படிக்கையின் 13-ஆம் பிரிவு, குழந்தை தன் கருத்தைப் பேச்சிலோ எழுத்திலோ கலை வடிவிலோ சொல்லலாம் என்கிறது. 1992-இல் இந்தியாவும் அதை ஏற்றது. சொல்கிற உரிமை பிள்ளைக்கு இருக்கிறது, சரி. வரைந்த தாள் யாருக்குச் சொந்தம்? முதல் வருஷம் இந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை. எல்லாப் படங்களையும் வாங்கிக்கொண்டு போனேன். மறு வாரம் ஒரு சிறுமி வந்து, "என் படத்தைத் தாங்க டீச்சர், ஆச்சிக்குக் காட்டணும்" என்று நின்றாள். அன்றைக்கு அது என் பையில் இல்லை.

இப்போதெல்லாம் அங்கேயே போனில் படம் எடுத்துக்கொண்டு, அதற்கும் பிள்ளையிடம் கேட்டுவிட்டு, அசலை அதன் கையில் கொடுத்துவிடுகிறோம். முதல் வருஷத்துத் தாள்கள் இன்னும் என் அலமாரியில் இருக்கின்றன. சில குடும்பங்கள் வீடு மாறிப் போய்விட்டன. அந்தப் படங்களை இன்று எடுத்து வந்திருக்கிறேன். பின்பக்க மேஜையில் இருக்கின்றன. உங்கள் பிள்ளையினுடையது இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டில் இருந்து போன பிள்ளையினுடையது என்று தெரிந்தால், எங்கே இருக்கிறார்கள் என்று எனக்குச் சொல்லுங்கள். நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.