சந்தேகப்பட்டவர் அளந்து பார்த்தார்

நண்பர்களே, வணக்கம்.

பூமி சூடாகிறது என்றால் உங்களில் சிலருக்கு நம்பிக்கை வராது. பல வருடம் எனக்கும் வரவில்லை. சென்னையின் வெப்பத்தை நுங்கம்பாக்கத்திலும் மீனம்பாக்கத்திலும் அளக்கிறார்கள். ஒரு காலத்தில் அங்கெல்லாம் மரமும் வெட்டவெளியும். இன்றைக்குக் கான்கிரீட், தார்ச்சாலை, ஏசி கக்கும் அனல். அப்படியென்றால் வெப்பமானி காட்டுவது ஊரின் சூடா, உலகத்தின் சூடா? இதைக் கேட்டால், "விஞ்ஞானிகள் எல்லாரும் ஒப்புக்கொண்ட விஷயம்" என்று வாயை அடைப்பார்கள். அது பதிலா? இமயமலைப் பனியாறுகள் 2035-க்குள் மறைந்துவிடலாம் என்று ஐ.நா.வின் காலநிலைக் குழு தன் 2007 அறிக்கையில் எழுதியது. அது தவறு என்று 2010-இல் அவர்களே ஒப்புக்கொண்டபோது என் சந்தேகம் இன்னும் இறுகியது.

இதே கேள்வியைக் கேட்ட இன்னொருவர் ரிச்சர்ட் முல்லர். அமெரிக்காவின் பெர்க்லியில் இயற்பியல் பேராசிரியராக இருந்தவர். கேட்டதோடு நிற்காமல், 2010-இல் மகள் எலிசபெத்தோடு சேர்ந்து 'பெர்க்லி எர்த்' என்ற ஆய்வுக்குழுவைத் தொடங்கினார். பணம் கொடுத்தவர்களில் எண்ணெய்த் தொழிலதிபர் சார்ல்ஸ் கோக்கின் அறக்கட்டளையும் உண்டு. 36,000-க்கும் மேற்பட்ட நிலையங்களின் பதிவுகளைத் திரட்டினார்கள். நகரத்தின் வாடையே படாத நிலையங்களைத் தனியாகப் பிரித்துக் கணக்குப் போட்டார்கள்.

அங்கேயும் சூடு அதே அளவுதான் ஏறியிருந்தது. நகரங்கள் உலக நிலப்பரப்பில் பிடித்திருக்கும் இடம் அவ்வளவு கொஞ்சம், உலகக் கணக்கை அவை அசைக்கவில்லை.

2012-இல் முல்லர் வெளிப்படையாக எழுதினார்: 250 ஆண்டுகளில் நிலப்பரப்பின் வெப்பம் சுமார் 1.5 டிகிரி செல்சியஸ் ஏறியிருக்கிறது, ஏறக்குறைய முழுக் காரணமும் மனிதன்தான். சூரியனின் ஏற்ற இறக்கம் வெப்பம் ஏறிய விதத்தோடு பொருந்தவில்லை. 1815-இல் தம்போரா வெடித்தது போன்ற எரிமலைகள் சில வருடம் குளிர்வித்துவிட்டு ஓய்ந்தன. கரியமில வாயுவின் ஏற்றம்தான் பொருந்தியது.

சரி, பொருந்தினால் போதுமா என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். என்னை அசைத்தது வேறொன்று. சூரியன்தான் காரணமென்றால் வானத்தின் மேலடுக்கும் சேர்ந்து சூடாக வேண்டும். ஆனால் தரையை ஒட்டிய காற்று சூடாக, அதற்கு மேலே உள்ள அடுக்குமண்டலம் (ஸ்ட்ராட்டோஸ்பியர்) குளிர்ந்துகொண்டிருக்கிறது. கரியமில வாயு கீழே சூட்டைப் பிடித்து வைக்கும். அந்த உயரத்தில் அதே வாயு வெப்பத்தை விண்வெளிக்கு அனுப்பிவிடும். இந்த இடத்தில் என் பழைய வாதம் உடைந்தது.

ஆனாலும் கேள்வி கேட்பதை நான் விடவில்லை. முல்லரும் விடவில்லை, 2005-இல் அமெரிக்காவைத் தாக்கிய கத்ரீனா புயலைப் புவி வெப்பத்தின் தலையில் கட்டுவதை அவர் ஏற்கவில்லை. நம்முடைய 2015 டிசம்பர் மழையையே எடுத்துக்கொள்ளுங்கள். அதில் வெப்பமயமாதலின் தடம் இருக்கிறதா என்று சர்வதேச ஆய்வாளர்கள் தேடினார்கள். தெளிவாக எதுவும் அகப்படவில்லை. மழைநீரை வாங்கிக்கொள்ளும் பள்ளிக்கரணைச் சதுப்பின் பெரும்பகுதி போனது மட்டும் கண்ணுக்குத் தெரிகிறது. ஆகவே அடுத்த வெள்ளத்தில் யாராவது மேடையேறி "எல்லாம் காலநிலை மாற்றம்" என்றால், ஏரிக்குள் கட்டடம் எழும்ப அனுமதி கொடுத்தது யார் என்று அவரிடம் கேளுங்கள்.